பூட்ஸைக் குறை சொல்லும் முன் சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடக்கிறோம். சொந்தக்காரர்கள், பழைய அலுவலக நண்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று ஒரு கலவையான கூட்டம். முழுச் சுற்று சுமார் 11 கிலோமீட்டர். ஆறாவது, ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் யாராவது ஒருவர் வேர்மேல் உட்கார்ந்துவிடுவார். "அண்ணே, இந்த பூட்ஸ் சரியில்ல. மாத்தணும்." கழற்றச் சொல்லிப் பார்த்தால், முந்நூறு வெள்ளி (டாலர்) பூட்ஸுக்குள் அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் மெல்லிய பருத்தி சாக்ஸ் இருக்கும். பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

இதைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்து, என் பையில் உபரி சாக்ஸ் இரண்டு ஜோடி எப்போதும் கிடக்கிறது. கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன என்பதால் எழுதி வைத்துவிட்டேன். உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், அப்புறம் சாக்ஸ், அப்புறம் பூட்ஸ், கடைசியில் மருத்துவர்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சாக்ஸ் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. தடித்த கம்பளி போடு, இரண்டு ஜோடி போடு என்பார்கள். அங்கே எதிரி குளிர். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கிறது. வெளியே மழையே இல்லாவிட்டாலும் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊறுகிறது. ஊறுவது நம் காலிலிருந்து. அதனால் அந்த அறிவுரையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் வம்புதான்.

இன்னொன்று. உங்களுக்கு நீரிழிவு இருந்தால், அல்லது காலில் உணர்ச்சி குறைவு என்றால், கொப்புளத்தை நீங்களே குத்துவது, கீறுவது எதுவும் வேண்டாம். சின்னப் புண்ணாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். நம்மவர்களில் நீரிழிவுக்காரர்கள் அதிகம் என்பதால்தான் இதை மேலேயே எழுதுகிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

பூட்ஸைக் கழற்றுங்கள், ஆனால் சாக்ஸை உடனே கழற்ற வேண்டாம். அது காலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். குதிகாலுக்கென்று பின்னிய பை குதிகாலில்தான் இருக்கிறதா, இல்லை மேலேறிக் கணுக்கால் பக்கம் போய்விட்டதா? விரல் நுனியில் துணி மிச்சமாகத் தொங்குகிறதா? எங்காவது மடிப்பு விழுந்திருக்கிறதா?

அப்புறம் கழற்றி, உள்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழும் மட்டும் வலைபோல் தெரிந்தால் அங்கே நூல் தேய்ந்துவிட்டது. கடைசியாக, அது எதனால் ஆனது என்று பாருங்கள். லேபிளைக் கிழித்துப் போட்டுவிட்டீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. நனைத்துப் பிழிந்து வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு கிடந்தும் விரல் பக்கம் சில்லென்று ஈரமாக இருந்தால் அதில் பருத்தி அதிகமாக இருக்கலாம்.

## குதிகாலில் கொப்புளம்

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். புதுப் பூட்ஸ் வாங்கப் போகிறவர்களும் இதற்காகத்தான் போகிறார்கள், பெரும்பாலும் வீணாக.

### சாக்ஸ் கீழே இறங்கியிருக்கிறதா?

இறங்கியிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். ஓட்டத்துக்கு வாங்கிய குட்டை சாக்ஸைப் பூட்ஸுக்குள் போட்டால், எட்டுக்கு எட்டு பூட்ஸ் அதை உள்ளே இழுத்துக்கொண்டே போகும். அரை மணி நேரத்தில் வெறும் குதிகால் பூட்ஸோடு உரசும். பூட்ஸின் கழுத்துக்கு மேல் இரண்டு மூன்று விரல் அகலமாவது சாக்ஸ் நிற்க வேண்டும்.

உயரம் சரியாக இருந்தும் இறங்குகிறது என்றால் அளவு பெரிது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் எல்லா அளவுக்கும் ஒரே சாக்ஸ் என்பது யாருக்கும் சரியாக வராத சாக்ஸ். உங்கள் கால் இரண்டு அளவுகளின் எல்லையில் இருந்தால் சிறியதை எடுங்கள். கொஞ்சம் இழுபட்டு நின்றால் தவறில்லை. தளர்ந்து மடிந்தால்தான் தொல்லை.

அளவும் சரியா? அப்போது ரப்பர் செத்துவிட்டது. வாய்ப் பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். பட்டென்று சுருங்காமல் சோம்பலாகத் திரும்பினால் அது வீட்டில் தரை துடைக்கத்தான்.

### இறங்கவில்லை, ஆனால் நனைந்திருக்கிறதா?

பருத்திதான் முதல் சந்தேகம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி நல்லது என்று அம்மா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். சட்டைக்குச் சரி. பூட்ஸுக்குள் காற்று ஏது? பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்கிறது, தோல் ஊறிப் புட்டுப்போல் ஆகிவிடுகிறது, ஊறிய தோல் சின்ன உரசலுக்கே பிரிந்துவிடுகிறது.

செலவில்லாத வழி: இன்னொரு ஜோடி எடுத்துப்போய்ப் பாதி வழியில் மாற்றுவது. தேசிய சேவை எனும் கட்டாய ராணுவச் சேவையில் 24 கிலோமீட்டர் அணிநடை போனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தில் பூட்ஸைக் கழற்றி, காலைத் துடைத்து, பவுடர் போட்டு, காய்ந்த சாக்ஸை மாட்டியிருப்பார்கள். பவுடரை மட்டும் காய்ந்த காலில், மெல்லியதாகப் போடுங்கள். ஈரக்காலில் கொட்டினால் கட்டி கட்டியாகி அதுவே மணல் மாதிரி அறுக்கும்.

செலவு செய்யலாம் என்றால் இரண்டு பாதைகள். பாலியெஸ்டர், நைலான் கலந்தது மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் நாறும். மெரினோ எனும் செம்மறியாட்டின் கம்பளி கலந்தது விலை அதிகம். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்த பிறகும் அது நனைந்த மாதிரித் தெரியாது, நாற்றமும் குறைவு. கம்பளி என்றதும் அரிக்குமோ என்று பயப்பட வேண்டாம், மெரினோ இழை மிக மெல்லியது. நூறு விழுக்காடு மெரினோவைத் தேடி அலையவும் வேண்டாம். அது சீக்கிரம் தேய்ந்துவிடும். பாதிக்கு மேல் மெரினோ, மிச்சம் நைலான், இழுவைக்குக் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தால் போதும்.

தடிமன்? இங்கே நடப்பதற்கு மெல்லியது, மிஞ்சிப்போனால் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் மெத்தை வைத்தது. மெக்ரிட்சிக்கும் புக்கிட் தீமா குன்றுக்கும் மட்டுமே போகிறவர் முப்பது வெள்ளி சாக்ஸ் வாங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பத்து வெள்ளி பாலியெஸ்டரை நடுவில் ஒருமுறை மாற்றிக்கொண்டாலே வேலை முடிந்தது. இரண்டு மூன்று நாள் ஒரே பூட்ஸில் நடக்கப்போகிறவருக்குத்தான் மெரினோ கொடுத்த காசுக்கு உழைக்கும்.

### காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் குதிகால் உள்ளே எழும்புகிறதா?

இது கயிற்றின் குற்றம். பாதம் வளைந்து கணுக்காலாக மாறும் இடத்தில் இரண்டு கயிற்றையும் ஒன்றோடொன்று இரண்டு சுற்று முறுக்கி இழுங்கள், பிறகு மேல் கொக்கிக்குப் போங்கள். அதற்கு மேலும் ஒருமுறை அப்படியே. கீழே விரல் பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். பத்து நிமிடம் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

தீரவில்லை என்றால் சாக்ஸின் தடிமனை ஒரு படி கூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உள்ளே மெல்லிய வழுக்கும் சாக்ஸ் ஒன்று, மேலே வழக்கமான சாக்ஸ் ஒன்று. உரசல் இரண்டு துணிகளுக்கு நடுவில் நடக்கும், தோல் தப்பிக்கும். இரண்டு தடித்த சாக்ஸ் போடுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் குதிகால் ஆடினால் பூட்ஸ் உங்களுக்குப் பெரிது. அப்போதுதான் கடைக்குப் போக வேண்டும்.

### நடந்துகொண்டிருக்கும்போதே காந்துகிறதா?

நில்லுங்கள். "அடுத்த குடிலில் பார்த்துக்கலாம்" என்று நடப்பதில்தான் காந்தல் கொப்புளமாகிறது. பூட்ஸைக் கழற்றி, சிவந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, நன்றாக ஒட்டும் டேப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டதா? சிறியதென்றால் குத்தாமல் மூடுங்கள். பெரிதாகி நடக்கவே விடவில்லை என்றால், சாராய நெடி வீசும் கிருமிநாசினித் துணியால் ஊசியையும் தோலையும் துடைத்து, ஓரத்தில் சின்னதாகக் குத்தி நீரை வடியவிடலாம். மேல்தோலை மட்டும் உரித்துவிடாதீர்கள். அதுதான் இருப்பதிலேயே நல்ல பிளாஸ்டர்.

மருத்துவரிடம் எப்போது? சுற்றியிருக்கும் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், சீழ் வைத்தால், காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால், காய்ச்சல் வந்தால். அன்றே போங்கள்.

## விரல்களுக்கு நடுவில், அல்லது சுண்டுவிரலில் கொப்புளம்

முதலில் நகம். பக்கத்து விரலின் நகமே சில பேருக்குக் கத்தி மாதிரி வேலை செய்யும். அதை வெட்டிவிட்டு ஒருமுறை நடந்து பாருங்கள்.

அடுத்து, சாக்ஸின் விரல் பக்கத் தையல். உள்ளே கையை விட்டுத் தடவினால் கயிறு மாதிரி ஒரு மேடு தட்டுப்படுகிறதா? பொருத்தமான அவசர வைத்தியம், சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போடுவது. பார்க்க அசிங்கம்தான், ஆனால் பூட்ஸுக்குள் யார் பார்க்கிறார்கள்? அடுத்த முறை வாங்கும்போது தையல் தட்டையாக இருக்கிறதா என்று கடையிலேயே விரலால் தடவிப் பாருங்கள்.

விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி வளர்ந்தவர்களுக்கு, ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வைத்த ஐவிரல் சாக்ஸ் உண்மையிலேயே உதவுகிறது. என் தங்கை முதன்முதலில் அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது பிள்ளைகள் குரங்குக்கால் என்று கிண்டல் செய்தார்கள். இப்போது அந்தப் பிள்ளைகளில் இருவர் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அது விரல்களை அகட்டும். ஏற்கெனவே முன்பக்கம் குறுகிய பூட்ஸ் என்றால் சுண்டுவிரல் இன்னும் அதிகமாக நசுங்கும். அந்த நிலையில் தேவை அகலமான பூட்ஸ்.

## முன்பாதம் எரிகிறது

இது காட்டுப்பாதையைவிட கெட்டியான தரையில்தான் அதிகம் வருகிறது. ரயில் பாதை நடைவழி முழுதாக 24 கிலோமீட்டர், கரையிலிருந்து கரைக்குப் போகும் பாதை 36 கிலோமீட்டர், பெரும்பகுதி சமதரை. ஒரே இடம் ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான முறை அடிபடுகிறது.

சாக்ஸில் மடிப்பு இல்லை, நனையவும் இல்லை என்றால் பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, வெளியே எடுத்துப் பாருங்கள். முன்பாதம் படும் இடம் அப்பளமாக நசுங்கியிருந்தால் புது இன்சோல் போடுங்கள். அதற்கு அப்புறம்தான் முன்பாதத்தில் மெத்தை வைத்த சாக்ஸ். அந்த மாதிரி நீண்ட தரைவழிக்கு பூட்ஸே எதற்கு என்றும் யோசிக்கலாம். ஓட்டச் சப்பாத்து போதும். நானே அப்படித்தான் போகிறேன்.

எரிச்சல் இரண்டு விரல்களுக்கு நடுவிலிருந்து சுண்டி இழுப்பது மாதிரி இருந்தாலோ, சாக்ஸுக்குள் கூழாங்கல் கிடப்பது போலத் தோன்றிக் கழற்றிப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்றாலோ, அது சாக்ஸ் பிரச்சினை இல்லை. பாத மருத்துவரிடம் காட்டுங்கள்.

## கால் நகம் கறுத்துப் போகிறது

புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான். அங்கே ஏறி இறங்கி நகம் கறுத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே பூட்ஸ், அதே சாக்ஸோடு மலேசியாவின் குனோங் லேடாங் மலைக்குப் போய்வந்தவர்கள், கினபாலு மலைக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் நகத்தைக் காட்டியிருக்கிறார்கள். கினபாலுவின் உச்சி 4,095 மீட்டர். உச்சி தொட்ட அன்றே 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாசல்வரை இறங்கிவிடுகிறார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம், ஒவ்வொரு படியிலும் விரல் நுனி பூட்ஸின் சுவரில் போய் முட்டுகிறது.

சோதனை சுலபம். போகப்போகிற சாக்ஸையே போட்டு, கயிற்றைக் கட்டாமல் காலை முன்னால் தள்ளுங்கள். பின்னால் குதிகாலுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை, ஆனால் மெல்லிய சாக்ஸில் நுழைகிறது என்றால் குற்றவாளி சாக்ஸின் தடிமன். மலைக்குப் போகிறோமே என்று கடைசி நிமிடத்தில் தடித்த சாக்ஸ் வாங்குகிறவர்கள் சிக்குவது இங்கேதான். உள்ளே இடம் போய்விடுகிறது, பூட்ஸ் அரை அளவு சிறியதாகிவிடுகிறது.

விரல் நுழைகிறது, ஆனாலும் நகம் அடிபடுகிறதா? பயணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை வளைத்துத் தோண்டாதீர்கள், நகம் சதைக்குள் வளரும். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, மேலே குதிகால் எழும்புவதற்குச் சொன்ன முறுக்கு முடிச்சைப் போட்டுக் கணுக்காலை இறுக்குங்கள். கால் முன்னால் வழுக்காது. கினபாலு உச்சியில் குளிர் உறைநிலையை ஒட்டி இருக்கும், அங்கே நடுத்தரத் தடிமன் மெரினோ நியாயம்தான். ஆனால் அந்த சாக்ஸோடு பூட்ஸில் இடம் இருக்கிறதா என்று சிங்கப்பூரிலேயே படிக்கட்டில் இறங்கிப் பார்த்துவிடுங்கள்.

எந்த சாக்ஸிலும் விரல் நுழையாவிட்டால் பூட்ஸ் சிறிது. காசு போனது போனதுதான்.

வலியில்லாமல் கறுத்த நகம் தானாக வளர்ந்து வெளியேறும், மாதக்கணக்கில் ஆகும். விண்விண்ணென்று தெறித்தால், சீழ் கட்டினால், அல்லது அடியே படாமல் ஒரு நகத்தில் கறுப்புக் கோடு வந்து நகம் வளர்ந்தும் அது நகராமல் இருந்தால், மருத்துவர் பார்க்க வேண்டியது.

## விரல்கள் மரத்துப்போகின்றன

கயிற்றைத் தளர்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் உயிர் வந்தால் இறுக்கம்தான் காரணம். புறங்கால் மேட்டில் அழுத்தினால் அந்த இடத்தில் மட்டும் கயிற்றைக் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றுங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் மெல்லிய சாக்ஸுக்கு மாறுங்கள். நடக்க நடக்கக் கால் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்தது பதினொரு மணிக்குக் கழுத்தை நெரிக்கும்.

பூட்ஸைக் கழற்றி வீட்டுக்கு வந்த பிறகும் மரத்தே இருந்தால், அல்லது சாதாரண நாளிலேயே இருந்தால், சாக்ஸ் கடையில் அதற்கு விடை கிடையாது. பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள்.

## நாற்றம், அரிப்பு, தோல் உரிதல்

மூன்றும் ஒன்று போலத் தோன்றினாலும் வேறு வேறு. காலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

தோலில் ஒன்றுமில்லை, நாற்றம் மட்டும். சாக்ஸா பூட்ஸா என்று பிரியுங்கள். துவைத்த சாக்ஸை மோந்து பாருங்கள். காய்ந்திருக்கும்போது வாசனை இல்லை, போட்ட பத்தே நிமிடத்தில் வருகிறது என்றால் செயற்கை இழையில் நாற்றம் ஊறிவிட்டது. துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றித் துவைக்கிறீர்களா? நிறுத்துங்கள். அது இழைமேல் படலம் போல் படிந்து, வியர்வை வெளியேறுவதையும் கெடுக்கும், அழுக்கையும் பிடித்துவைக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவையுங்கள்.

பூட்ஸ்தான் நாறுகிறது என்றால், நடந்துவிட்டு வந்து அப்படியே வாசலில் இருக்கும் சப்பாத்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறீர்கள், அதுதான் விஷயம். இன்சோலை வெளியே எடுங்கள். உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். மின்விசிறிக்கு எதிரே ஓர் இரவு. வெயிலிலோ முடி உலர்த்தும் கருவியிலோ வாட்ட வேண்டாம், பசை விட்டுவிடும். அந்த அலமாரியில் வருடக்கணக்கில் போடாமல் வைத்த பூட்ஸின் அடிப்பாகம் இந்த ஈரக்காற்றில் தானே பொடிந்து கழன்று விழும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். மூன்று வருடம் தொடாத பூட்ஸோடு நேராக விமான நிலையம் போகாதீர்கள்.

விரலிடுக்கில் அரிப்பு, வெள்ளையாக ஊறி உரிகிறது. சேற்றுப்புண். பெரும்பாலும் சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில் தொடங்கும். மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேட்டால் கிளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபைன் களிம்பு தருவார். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாமல் மருந்துப் பெட்டியில் சொன்ன நாள்வரை பூசுங்கள். இரண்டாம் தடவை வருவதற்கு இந்த அவசரம்தான் காரணம். மெரினோ சாக்ஸ் பூஞ்சையைக் குணப்படுத்தாது, யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சாக்ஸ் செய்யக்கூடியது, இடுக்கைக் காயவைப்பது மட்டும். ஐவிரல் சாக்ஸ் அதற்கு நல்லது. களிம்பு முடிந்தும் ஆறவில்லை, அல்லது நகம் மஞ்சளாகித் தடிக்கிறது என்றால் மருத்துவர்.

உள்ளங்காலில் புழு அரித்தது போலச் சின்னச் சின்னக் குழிகள், தாங்க முடியாத நாற்றம். இது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. மணிக்கணக்காக ஈரப் பூட்ஸில் நிற்கிறவர்களுக்கு வரும். இதற்குச் சேற்றுப்புண் களிம்பை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். மருத்துவர் வேறு களிம்பு எழுதிக்கொடுத்துச் சில வாரத்தில் சரியாகிவிட்டது.

## மழையில் மாட்டிக்கொண்டேன், பூட்ஸ் குளமாகிவிட்டது

தண்ணீர் புகாத பூட்ஸ் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். நம் ஊர் மழை பக்கவாட்டிலும் அடிக்கும். கால் வழியாக வழிந்து சாக்ஸைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து உள்ளே இறங்கும். உள்ளே போனது வெளியே வர வழியில்லை. கழற்றிக் கவிழ்த்துக் கொட்டுங்கள், சாக்ஸைப் பிழியுங்கள், காய்ந்த ஜோடி இருந்தால் மழை விட்ட பிறகு மாற்றுங்கள். கொட்டும்போதே மாற்றினால் அதுவும் வீண். மாற்று சாக்ஸை உறையில் கட்டிவைப்பது முக்கியம். பைக்குள் நனைந்த உபரி சாக்ஸ் யாருக்கு உதவும்?

ஆண்டு முடிவில், பருவமழை மாதங்களில், நான் காற்றோட்டமான வலைச் சப்பாத்தும் மெல்லிய பாலியெஸ்டர் சாக்ஸும்தான் போடுகிறேன். நனையும், ஆனால் வடியும்.

## காலில் சிவப்புத் திட்டு

சாக்ஸ் மூடியிருந்த இடத்தில் மட்டும் சிவந்து அரித்தால் சாக்ஸைச் சந்தேகப்படலாம். புது சாக்ஸைத் துவைக்காமல் போட்டீர்களா? சலவைத்தூளை மாற்றினீர்களா? இரண்டும் இல்லை என்றால் கம்பளி இல்லாத சாக்ஸில் இரண்டு வாரம் நடந்து பாருங்கள்.

சாக்ஸுக்கு மேலே, வெளியே தெரிந்த தோலில் மட்டும் சிவப்புத் திட்டு வந்து எரிந்து, சாக்ஸுக்குள் தோல் சுத்தமாக இருந்தால் கதை வேறு. வெயிலில் நெடுநேரம் நடந்தால் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இப்படி வருவதுண்டு. சின்ன இரத்தக் குழாய்களின் அழற்சி. காலை உயர்த்தி வைத்துக் குளிர்ந்த துணி போட்டு ஓய்வெடுத்தால் பத்து நாளுக்குள் மறைந்துவிடும். என் அக்கா இதற்காக நல்ல மெரினோ சாக்ஸ் இரண்டைத் தூக்கிப் போட்டார். பாவம், சாக்ஸ் எதுவும் செய்யவில்லை.

ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை வலித்து, சூடாக இருந்தால் எதையும் சோதித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

## அட்டை ஏறுகிறது

இங்கே அபூர்வம், மலேசியக் காடுகளில் மழைக்குப் பிறகு சர்வ சாதாரணம். பின்னலான சாக்ஸின் இடைவெளியில் அட்டை வாயை நுழைத்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை வரும் அட்டை உறையை, வழக்கமான சாக்ஸுக்கு மேலே, காற்சட்டையை உள்ளே விட்டுக் கட்டுங்கள். கடித்துவிட்டால் உப்பு, நெருப்பு எதுவும் வேண்டாம். நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பித் தள்ளிவிட்டு, கழுவி, அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

## மூன்றே மாதத்தில் ஓட்டை, அல்லது சுருங்கிவிட்டது

சுருங்கியது என்றால் வெந்நீரும் உலர்த்தும் இயந்திரமும். மெரினோவைத் தண்ணீர்க் குழாயில் வரும் தண்ணீரிலேயே துவைத்து, மூங்கில் கழியில் காயவையுங்கள். ஓட்டை எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறதென்றால் பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவுங்கள், அங்கே உள்துணி கிழிந்திருக்கும். பெருவிரலில் என்றால் நகம். குதிகாலில் என்றால் மேலே குதிகால் எழும்புவதைப் பற்றிச் சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, பூட்ஸ்தான் மாற்ற வேண்டும்

சரி. மாலையில் போங்கள், கால் வீங்கியிருக்கும் நேரம். கடையில் கொடுக்கும் மெல்லிய உறையைப் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். நீங்கள் நடக்கப்போகிற சாக்ஸை, துவைத்த ஜோடியை, பையில் எடுத்துப்போங்கள். இரண்டு காலிலும் போட்டு, சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்குங்கள், இல்லாவிட்டால் கடைத்தொகுதியின் படிக்கட்டில் இறங்கிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். போன முறை நான் கேட்டபோது கடைப் பையன் சிரித்துக்கொண்டே, "அங்கிள், உங்க சாக்ஸ்ல ஓட்டை இருக்கு" என்றான். இருந்தது. பெருவிரல் நகம்.